பழைய டிராக்டருக்குப் பவர் ஸ்டீயரிங்: மாட்டுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

குறுவைக்குத் தொளி உழவு தொடங்கிவிட்டால் டிராக்டருக்கும் ஓய்வில்லை, அதை ஓட்டுபவருக்கும் ஓய்வில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் உள்ளவை போன்ற சிறு வயல்களில் இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒருமுறை வரப்போரம் வண்டியைத் திருப்ப வேண்டியுள்ளது. மணிக்கு 20 அல்லது 30 திருப்பம் என்றால் எட்டு மணி நேர உழவில் 160 முதல் 240 திருப்பம் ஆகிறது. சேற்றில் பாதி அமிழ்ந்த முன் சக்கரங்களை ஒவ்வொரு தடவையும் கைப் பலத்தாலேயே கடைசி வரை ஒடித்து, மீண்டும் நேராக்க வேண்டும். பத்து நாள் சேர்ந்தாற்போல் உழுதவரின் தோள்பட்டையும் மணிக்கட்டும் இதற்குச் சாட்சி.

புதிய டிராக்டர்களில் பல பவர் ஸ்டீயரிங்குடனேயே வருகின்றன. அத்தகைய வண்டியை ஒருநாள் ஓட்டிப் பார்த்தவருக்குத் தம் பழைய வண்டியில் ஏற மனம் வருவதில்லை. புது வண்டி வாங்கவோ வசதி இல்லை; பழைய வண்டியின் எஞ்சினும் கியரும் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஆகவே, பழைய வண்டிக்கே பவர் ஸ்டீயரிங் மாட்டிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயற்கை.

மாட்டலாம். ஐம்பது வயதைக் கடந்தும் தாமே ஓட்டும் விவசாயிகளுக்கும், ஆள் கிடைக்காமல் வீட்டுப் பெண்களே வண்டி எடுக்கும் குடும்பங்களுக்கும் இது பெரிய உதவி. ஆனால் பட்டறைக்குப் போகுமுன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங் ஏன் கனக்கிறது? அதை அறியாமல் மாட்டினால், சுமை ஓட்டுபவரின் கையிலிருந்து இறங்கி, தேய்ந்துபோன இரும்பின் மேல் ஏறுகிறது. கை தாங்காவிட்டால் வலிக்கும். இரும்பு தாங்காவிட்டால் சாலையில் ஒடியும்.

கனம் எங்கே இருக்கிறது?

இதைக் கண்டுபிடிக்க ஒரு ஜாக்கியும் இரண்டு ஸ்பேனர்களும் அரை மணி நேரமும் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கைப் பிரேக்கைப் போட்டு, முன் அச்சின் நடுவில் ஜாக்கி வைத்து இரு முன் சக்கரங்களும் தரையை விட்டு எழும்படி தூக்க வேண்டும். அச்சின் இருபுறமும் முட்டுக்கட்டை வைத்த பிறகே கீழே கை வைக்க வேண்டும். இப்போது ஸ்டீயரிங் சக்கரத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாகச் சுற்றிப் பார்க்கவும். இரண்டு விரலால் சுற்ற முடிந்தால் ஸ்டீயரிங் பெட்டியிலும் கிங் பின்னிலும் குற்றமில்லை. கனம் டயரிலோ முன்பக்க எடையிலோ இருக்கிறது என்று கொள்ளலாம்.

தூக்கி நிறுத்திய பிறகும் கனமாகவே சுற்றினால், ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வரும் டிராப் ஆர்மோடு சேரும் டிராக் லிங்க்கைக் கழற்றிவிட வேண்டும். மாஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் இருபுறமும் ஒவ்வொரு டிராப் ஆர்மும் டிராக் லிங்க்கும் உண்டு. அவற்றில் இரண்டையும் கழற்ற வேண்டும். பின்பு ஸ்டீயரிங் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் பெட்டியின் நிலை தெரியும். அது லேசாகச் சுற்றினால், முன் சக்கரங்களைக் கையால் பிடித்துத் தனித்தனியே திருப்பிப் பார்க்கவும். எந்தப் பக்கம் இறுக்கமோ அந்தப் பக்கத்துக் கிங் பின்தான் காரணம்.

நம் நாட்டுத் தொளி உழவில் பல வண்டிகளில் குற்றம் கிங் பின்னில் இருப்பதில் வியப்பில்லை. சேறும் நீரும் அச்சு மட்டத்திற்கு ஏறி, புஷ்ஷுக்குள் புகுந்து, கிரீஸைக் கழுவிவிடுகின்றன. கிங் பின்னின் எடையைத் தாங்கும் துரஸ்ட் பேரிங்கில் மணல் புகுந்தால் குண்டுகள் சிதைந்து, வழுவழுப்பாகச் சுற்ற வேண்டிய இடத்தில் இரும்பும் இரும்பும் அரைபடுகின்றன. தொளி உழவுக் காலத்தில் கிரீஸ் நிப்பிளுக்குத் தினமும் கிரீஸ் ஏற்ற வேண்டும். பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதியது தென்படும் வரை ஏற்ற வேண்டும். பலரும் வண்டியைத் தரையில் நிற்கவைத்தே கிரீஸ் அடிக்கின்றனர். அப்போது வண்டியின் எடை துரஸ்ட் பேரிங்கை அழுத்திக்கொண்டிருப்பதால், கிரீஸ் போக வேண்டிய இடத்திற்குப் போவதில்லை. வாரம் ஒருமுறையாவது முன் அச்சைத் தூக்கிவைத்து, சக்கரத்தை இருபுறமும் திருப்பியபடியே கிரீஸ் அடித்தால் பலன் தெரியும்.

தூக்கிய நிலையிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடலாம். டயரின் மேல் ஒரு கையும் கீழ் ஒரு கையுமாகப் பிடித்து உள்ளும் புறமும் ஆட்டினால், தேய்ந்த வண்டியில் ‘டக் டக்’ என ஓசை கேட்கும். துணைக்கு ஒருவர் கிங் பின்னும் அச்சும் சேரும் இடத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஆட்டம் அங்கே தெரிந்தால் புஷ் தேய்ந்துள்ளது. அங்கே அசைவில்லாமல் சக்கரம் மட்டும் ஆடினால் ஹப் பேரிங்கைச் சரிசெய்ய வேண்டும். டை ராடு, டிராக் லிங்க் முனைகளிலுள்ள பால் ஜாயிண்டுகளையும், ஒருவர் ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, மற்றொருவர் கையால் தொட்டு உணர்ந்து பார்க்க வேண்டும். ஸ்டீயரிங் சக்கரத்தின் விளிம்பில் முன் சக்கரம் அசையாமலே ஒன்று முதல் இரண்டு அங்குலம் வரை ஆட்டம் இருப்பது பெரும்பாலான வண்டிகளில் இயல்பு. நான்கு அங்குலம் ஐந்து அங்குலம் என்றால் அந்த வண்டிக்குத் தேவை பவர் ஸ்டீயரிங் அல்ல, பழுது பார்த்தல்.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 35 குதிரைச் சக்தி வண்டிகளில் பெரும்பாலும் 6.00-16 அளவு முன் டயர் வரும். சேற்றில் அமிழாமல் இருக்கட்டும் என்று அதைவிட அகலமான டயரைப் போடுவோர் உண்டு. அகலம் கூடக் கூடத் திருப்பும் கனமும் கூடும். முன் சக்கரங்களின் இடைவெளியை அதிகமாக்க டிஸ்க்கைத் திருப்பி மாட்டினாலும் அப்படியே. டயரின் நடு கிங் பின்னிலிருந்து விலகி நிற்பதால், திருப்பும்போது சக்கரம் தன்னிடத்தில் சுழலாமல் ஒரு வட்டத்தில் உருண்டும் உரசியும் போகிறது. காற்றுக் குறைவு எல்லோரும் அறிந்ததே, ஆயினும் அளந்து பார்ப்பவர் குறைவு. உழவுக்காக மாட்டிய முன் எடைக் கட்டிகளைப் பருவம் முழுதும் கழற்றாமலே டிரெய்லர் இழுப்பதும் உண்டு.

முன் சக்கரங்களின் நேர் நிலையை வீட்டிலேயே சோதிக்கலாம். இரு டயர்களின் நடுவிலும், முன்பக்கத்தில் ஹப்பின் உயரத்தில், சுண்ணாம்பால் குறியிட்டு நாடாவால் இடைவெளியை அளக்கவும். பின்பு வண்டியைத் தள்ளி, அந்தக் குறிகள் பின்பக்கம் அதே உயரத்திற்கு வந்ததும் மறுபடி அளக்கவும். முன் அளவு பின் அளவைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்; எத்தனை என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். முன் அளவு கூடுதலாக இருந்தாலோ, அங்குலக் கணக்கில் வித்தியாசம் வந்தாலோ டயர் தேய்வதோடு ஸ்டீயரிங்கும் கனக்கும்.

கடைசியாக பிரேக். வயலில் திரும்பும்போது உட்புறப் பின் சக்கரத்தின் தனிப் பிரேக்கை மிதிப்பதுதான் முறை. அந்த ஒரு பிரேக் சரியாகப் பிடித்தால் திருப்பும் வேலையில் பாதியை அது செய்துவிடும். அது தேய்ந்துபோன வண்டியில் முழு வேலையும் முன் சக்கரத்தின் மேல், அதாவது கையின் மேல் விழுகிறது. (சாலைக்கு ஏறியதும் இரு பிரேக் மிதிகளையும் கொக்கியால் சேர்த்துவிட வேண்டும் என்பதை இங்கேயும் நினைவூட்டத்தான் வேண்டியுள்ளது.)

இவற்றைச் சரிசெய்யுமுன் ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசை மாட்டி, தரையில் நிற்கும் வண்டியைத் திருப்ப எத்தனை கிலோ இழுப்பு வேண்டியிருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்த பின் அதே இடத்தில் மீண்டும் அளந்து பாருங்கள். பல விவசாயிகளுக்கு அதோடு பவர் ஸ்டீயரிங் ஆசை தீர்ந்துவிடும். தீராதவர்கள் மேலே படிக்கலாம். தேய்ந்தவற்றை மாற்றிய செலவு அவர்களுக்கும் வீண் அல்ல; பவர் ஸ்டீயரிங் மாட்டுமுன் எப்படியும் செய்தே ஆக வேண்டிய வேலை அது.

எண்ணெய் செய்யும் வேலை

ஸ்டீயரிங்கிற்கு எண்ணெய் அழுத்தத்தைத் துணைசேர்க்கும் முறை புதிதல்ல. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ் 1926இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். 1951இல் கிறைஸ்லர் நிறுவனம் அதை விற்பனைக் காரில் கொண்டுவந்தது. காரில் உள்ளது ஒரு வகை. டிராக்டரில் இன்று பெரும்பாலும் உள்ளது வேறு வகை.

காரிலும் பிக்கப் வண்டியிலும், ஸ்டீயரிங் தண்டுக்கும் சக்கரத்திற்கும் இடையே இரும்புத் தொடர்பு கடைசிவரை இருக்கும். எண்ணெயோ மின் மோட்டாரோ பக்கத்தில் நின்று தள்ளிவிடும், அவ்வளவே. துணை நின்றுபோனாலும் இரும்பு இருக்கிறது. டிராக்டரில் உள்ள முழு ஹைட்ராலிக் முறையில் அந்த இரும்புத் தொடர்பே கிடையாது. ஸ்டீயரிங் தண்டின் அடியில் ஒரு சிறு பெட்டி இருக்கும். பால்காரர் ஆழாக்கால் அளந்து ஊற்றுவதுபோல, ஸ்டீயரிங்கை ஒரு சுற்றுச் சுற்றினால் குறிப்பிட்ட அளவு எண்ணெயை அந்தப் பெட்டி அளந்து அனுப்புகிறது. அந்த எண்ணெய் முன் அச்சிலுள்ள சிலிண்டருக்குப் போய்ப் பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் சக்கரத்தைத் திருப்புகிறது. அழுத்தம் தருவது எஞ்சினால் சுற்றும் பம்பு. எஞ்சின் நின்றுவிட்டால், கையால் சுற்றும் சுற்றே பெட்டியைச் சிறு பம்பாக்கி எண்ணெயைத் தள்ளும். வண்டி திரும்பும், ஆனால் மிகக் கனமாக. எண்ணெயே இல்லாவிட்டால் ஸ்டீயரிங் வெறுமனே சுற்றும், வண்டி தன் போக்கில் போகும்.

ஆகவே இந்த முறையில் எண்ணெய்க் குழாய் ஒவ்வொன்றும் உயிர்க் குழாய். வயலில் குழாய் வெடித்தால் வண்டி வரப்பில் முட்டி நிற்கும். நெல் மூட்டை ஏற்றிய டிரெய்லரோடு பாலத்தில் போகும்போது வெடித்தால் என்னவாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அளவுகள் ஒத்துப்போக வேண்டும்

உங்கள் வண்டியின் அதே மாடலைப் பவர் ஸ்டீயரிங்குடனும் கம்பெனி விற்றிருந்தால், அந்தக் கம்பெனியின் பாகங்களையே முழுதாக வாங்கி மாட்டுவது எல்லா வகையிலும் நல்லது. அப்படி வாங்கும்போது, முன் அச்சும் கிங் பின்னும் ஸ்டீயரிங் ஆர்மும் அந்த மாடலில் வேறாக, கனமாகச் செய்யப்பட்டுள்ளனவா என்று பாகங்களின் பட்டியலைப் பார்த்துக் கேளுங்கள். வேறாக இருந்தால் அவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். செலவு கூடும் என்று பட்டறைக்காரர் விட்டுவிடச் சொன்னால் இணங்கக் கூடாது.

அத்தகைய பாகங்கள் கிடைக்காமல், கடையில் விற்கும் பொதுவான செட்டை வாங்குவதானால் கணக்குப் பார்த்து வாங்க வேண்டும். கணக்கு எளிதானதே.

சிலிண்டரின் உள்விட்டம் 50 மி.மீ., தண்டின் விட்டம் 25 மி.மீ., தண்டு இருபுறமும் நீண்டிருக்கும் வகை என்று வைத்துக்கொள்வோம். எண்ணெய் தள்ளும் பரப்பு சுமார் 14.7 சதுர செ.மீ. பிஸ்டன் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு 20 செ.மீ. நகரும் என்றால் வேண்டிய எண்ணெய் சுமார் 295 சி.சி. ஸ்டீயரிங் பெட்டி ஒரு சுற்றுக்கு 80 சி.சி. அளப்பதானால், கோடிக்குக் கோடி 3.7 சுற்று வரும். இது வசதியான அளவு. அதே சிலிண்டருக்கு 160 சி.சி. பெட்டியை மாட்டினால் இரண்டு சுற்றுகூட வராது. வயலில் அது சுகமாகத் தோன்றும். சாலையில் சிறிது கை அசைந்தாலும் வண்டி பாயும். எஞ்சின் நின்றால் கையால் திருப்பவே முடியாது. பெரிய பெட்டி நல்ல பெட்டி என்று எண்ணுவது தவறு.

தண்டு ஒரு பக்கம் மட்டும் நீண்டிருக்கும் சிலிண்டர் விலை குறைவு. அதில் தண்டு உள்ள பக்கம் எண்ணெய் கொள்ளும் இடம் குறைவாதலால், ஒரு பக்கம் திருப்ப 3.7 சுற்றும் மறுபக்கம் திருப்ப 4.9 சுற்றும் ஆகும். பழகிக்கொள்ளலாம் என்பார்கள். அவசரத்தில் ஒடிக்கும்போது பழக்கம் துணைக்கு வராது. வசதியுள்ளவர்கள் இருபுறத் தண்டு வகையையே வாங்குவது நன்று.

அழுத்தம் சதுர செ.மீ.க்கு 100 கிலோ என்றால் அந்தச் சிலிண்டர் தரும் தள்ளுவிசை ஏறத்தாழ 1,470 கிலோ. ஒரு மனிதன் இரு கையாலும் எவ்வளவு முக்கினாலும் டை ராடின் மேல் இத்தனை விசை தொடர்ந்து விழாது. சேற்றில் புதைந்த சக்கரம் கல்லில் முட்டி நின்றிருந்தால், கை முன்பு ‘போதும்’ என்று நிறுத்தியிருக்கும். எண்ணெய்க்கு அந்த உணர்வு கிடையாது. தேய்ந்த பால் ஜாயிண்டும், வெல்டிங் வைத்து ஒட்டிய ஸ்டீயரிங் ஆர்மும் ஒடிவது இப்படித்தான். ஸ்டீயரிங் ஆர்ம் சம்மட்டியால் அடித்து உருவாக்கிப் பதப்படுத்திய இரும்பு. அதில் வெல்டிங் வைத்தால் சூடுபட்ட இடம் தன் பதத்தை இழக்கிறது. முன் அச்சு வார்ப்பிரும்பானாலும் அப்படியே. சிலிண்டரைத் தாங்கும் பிடிகளைப் போல்ட்டும் கிளாம்ப்பும் கொண்டே இறுக்க வேண்டும்.

பம்பு விஷயத்திலும் ஏமாற வேண்டாம். பின்பக்க லிப்ட் பம்பிலிருந்தே எண்ணெய் எடுத்துவிடலாம், தனிப் பம்பு எதற்கு என்று சொல்வோர் உண்டு. மாஸி பெர்குசன் 1035 போன்ற பழைய வண்டிகளில் லிப்ட் பம்பு டிரான்ஸ்மிஷனுக்குள் பி.டி.ஓ. தண்டால் சுற்றுகிறது. கிளட்சை முழுதாக மிதித்தால் பம்பும் நின்றுவிடும். திரும்பும் நேரத்தில் ஸ்டீயரிங்கும் செத்துவிடும். ஸ்டீயரிங்கிற்கு எஞ்சின் ஓடும்வரை ஓயாமல் சுற்றும் தனிப் பம்பு வேண்டும். எஞ்சினில் கியர் மூலம் பம்பு மாட்ட இடம் இருந்தால் அதுவே சிறந்தது. பெல்ட்டால் ஓட்டும் பம்பு நீர் தெறிக்கும் சேற்று வயலில் வழுக்கக்கூடும். சுற்றுக்கு 8 சி.சி. தரும் பம்பு, எஞ்சின் 750 சுற்றில் மெதுவாக ஓடும்போதும், கசிவு போக நிமிடத்திற்கு ஐந்து லிட்டருக்கு மேல் தரும். 80 சி.சி. பெட்டியை நொடிக்கு ஒரு சுற்றுச் சுற்ற 4.8 லிட்டர் வேண்டும். ஆகவே அது போதுமானது.

காயலான் கடையில் கார் பம்பும், காரின் மின்சார ஸ்டீயரிங் மோட்டாரும் மலிவாகக் கிடைக்கின்றன. காரின் எடைக்கும் தார்ச் சாலைக்கும் செய்த மோட்டாரைச் சேற்று வயலுக்குக் கொண்டுவருவது புத்திசாலித்தனம் அல்ல. பழைய டிராக்டரின் பாட்டரியும் டைனமோவும் அந்த மின்னோட்டத்தைத் தாங்குவது அரிது.

மாட்டும்போது பார்க்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து குறுவை உழவு தொடங்கும் வரை உள்ள இடைக்காலமே இதற்கு ஏற்ற காலம். உழவு அவசரத்தில் இரண்டு நாளில் மாட்டி வாங்கிய வண்டியை நம்பிச் சாலைக்குப் போகக் கூடாது. பட்டறையில் விவசாயி கூடவே இருந்து சிலவற்றைத் தம் கண்ணால் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சக்கரம் முழுதும் ஒடிந்த நிலையில், சிலிண்டர் தண்டும் ஸ்டீயரிங் ஆர்மும் ஒரே நேர்கோட்டிற்கு வந்துவிடக் கூடாது. வந்தால் சக்கரம் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டு திரும்பாது. முன் அச்சிலுள்ள தடுப்பு போல்ட்டில் சக்கரம் முட்டும்போது, சிலிண்டருக்குள் இன்னும் சில மி.மீ. இடம் மீதம் இருக்க வேண்டும். பிஸ்டனே சிலிண்டரின் மூடியில் முட்டி நிற்கக் கூடாது. முன் அச்சை ஒருபக்கம் முழுதும் தூக்கி, மறுபக்கமும் முழுதும் தூக்கி, ஒவ்வொரு நிலையிலும் இருபுறமும் ஒடித்து, ரப்பர் குழாய்கள் இழுபடுகின்றனவா, டயரில் உரசுகின்றனவா, சைலன்சர் சூட்டுக்கு அருகில் போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பட்டறைத் தரையில் நேராக நிற்கும் வண்டியில் எல்லாம் சரியாகவே தெரியும். வாய்க்காலைத் தாண்டும்போதுதான் குழாய் பிய்யும்.

இரு டிராக் லிங்க் உள்ள வண்டிகளில் பழைய ஸ்டீயரிங் பெட்டியை எடுத்துவிட்டால், இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்க எதுவும் இராது. அங்கே புதிதாக டை ராடு வைக்க வேண்டும். அதன் நீளமும் ஆர்மின் கோணமும் தவறினால் திரும்பும்போது ஒரு டயர் உருளும், மற்றொன்று இழுபடும். இந்த வேலையைச் செய்து பழகிய பட்டறையில் மட்டுமே கொடுக்க வேண்டும். அவர்கள் முன்பு மாட்டிய வண்டி ஒன்றைத் தேடிப் போய், அதன் உரிமையாளரிடம் ஒரு பருவம் ஓட்டிய பின் எப்படி உள்ளது என்று கேட்டறிவது எந்த விளம்பரத்தையும் விட நம்பத்தக்கது.

எண்ணெய் ஊற்றுமுன் குழாய்களைக் கழுவ வேண்டும். வெட்டிய குழாயின் உள்ளே தங்கிய இரும்புத் தூள் ஒரே நாளில் ஸ்டீயரிங் பெட்டியைக் கீறிவிடும். செட் செய்தவர் குறிப்பிட்ட எண்ணெயையே ஊற்ற வேண்டும். பிரேக் எண்ணெய் சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும். எஞ்சினிலிருந்து இறக்கிய பழைய எண்ணெயை ஊற்றுவது பற்றிப் பேசவே வேண்டாம். முன் அச்சைத் தூக்கிவைத்து, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கோடிக்குக் கோடி பத்துப் பதினைந்து தடவை பொறுமையாகச் சுற்றிக் காற்றை வெளியேற்றி, தொட்டியில் எண்ணெய் குறையக் குறைய ஊற்ற வேண்டும். நுரை அடங்காவிட்டால் பம்புக்கு எண்ணெய் இழுக்கும் குழாயில் எங்கோ காற்று புகுகிறது.

கசிவு தேடும்போது ஒருபோதும் விரலால் தடவிப் பார்க்கக் கூடாது. ஊசித் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். முள் குத்தியது போலத்தான் தெரியும். சில மணி நேரத்தில் விரலையே இழக்க நேரும். அட்டையைப் பிடித்துப் பார்க்கவும். பட்டுவிட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், அழுத்தமான எண்ணெய் ஏறிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

ஓட்டும் பழக்கம் மாற வேண்டும்

கனமான ஸ்டீயரிங்கிற்கு ஒரு நல்ல குணம் உண்டு. டயரில் காற்று இறங்கினாலும், கிங் பின் வறண்டாலும், பேரிங் உடைந்தாலும் அது கைக்குச் சொல்லிவிடும். பவர் ஸ்டீயரிங் வந்தபின் இந்தச் செய்தி எதுவும் கைக்கு வராது. இனி கைக்குத் தெரியாததைக் கண்தான் பார்க்க வேண்டும். காலையில் எஞ்சின் எண்ணெய் பார்க்கும்போதே ஸ்டீயரிங் எண்ணெய்த் தொட்டியையும் பார்த்து, குழாய்களை ஒருமுறை குனிந்து நோக்குவது பழக்கமாக வேண்டும். கிரீஸ் முன்பு அடித்ததைவிடக் குறைவாக அல்ல, கூடுதலாகவே அடிக்க வேண்டும்.

டிரெய்லர் இழுப்பவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்தும் உள்ளது. இரு சக்கர டிரெய்லரில் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினால் அதன் எடை கொக்கியை அழுத்தி, டிராக்டரின் முன்பக்கத்தை மேலே எழுப்பும். பழைய ஸ்டீயரிங் அப்போது திடீரென லேசாகும். அனுபவசாலிக்கு அதுவே எச்சரிக்கை. பவர் ஸ்டீயரிங் எப்போதும் லேசு. ஆகவே சக்கரம் தரையைப் பிடிக்கவில்லை என்பது வளைவில் வண்டி நேராகப் போகும்போதுதான் தெரியும். பாரத்தைக் குறைப்பதும் முன்பக்கம் தேவையான எடை வைப்பதும் தவிர இதற்கு வழி இல்லை.

இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க எஞ்சினை நிறுத்தி வண்டியை உருட்டிவிடும் வழக்கம் பழைய வண்டியிலேயே கூடாது. முழு ஹைட்ராலிக் ஸ்டீயரிங் வண்டியில் அது உயிருக்கே உலை. முழுதும் ஒடித்த நிலையில் சில வினாடிக்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தால் ரிலீஃப் வால்வு கத்தும், எண்ணெய் கொதிக்கும். சத்தம் கேட்டதும் சிறிது திருப்பித் தளர்த்த வேண்டும். நிற்கும் வண்டியைத் தரையில் ஒடிப்பதையும் தவிர்க்கலாம். முன்பு கை மறுத்ததால் யாரும் செய்யாத வேலை அது. இப்போது செய்ய முடிகிறது என்பதற்காகச் செய்தால் டயரும் பால் ஜாயிண்டும் விலை கொடுக்கும்.

சட்டமும் செலவும்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு செய்த வாகனத்தை உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வாகனங்களை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெற்றுவிடுவது அவசியம். விபத்து நடந்தபின் ‘சொல்லாமல் மாற்றிவிட்டாய்’ என்று நஷ்ட ஈடு மறுக்கப்பட்டால், மாட்டிய செலவைப் போல் பல மடங்கு கையை விட்டுப் போகும். கம்பெனியின் சொந்தப் பாகங்களையே மாட்டியிருந்தால் அதன் பில்லைப் பத்திரப்படுத்தவும்.

பழைய பிக்கப், ஜீப் வைத்திருப்போர் டிராக்டர் முறையை அவற்றில் மாட்டவே கூடாது. வேகமாகப் போகும் வாகனத்தில் இரும்புத் தொடர்பு கட்டாயம் வேண்டும். அதே கம்பெனியின் பிந்திய மாடலில் வந்த, எண்ணெய்த் துணையுள்ள ஸ்டீயரிங் பெட்டி தங்கள் வண்டியின் சட்டத்தில் அப்படியே பொருந்துமா என்று கம்பெனி ஒர்க்‌ஷாப்பில் கேட்பதே அவர்களுக்குரிய வழி. மேலே சொன்ன சட்ட விஷயம் அவர்களுக்கும் பொருந்தும்.

செலவு ஊருக்கு ஊர், செட்டுக்குச் செட் மாறும். எனினும் கணக்குப் போடும் முறை ஒன்றே. மாட்டுவதற்கு எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்; ஐந்து வருஷம் உழைக்கட்டும். வாடகை உழவும் சேர்த்து வருஷத்திற்கு 300 மணி நேரம் ஓட்டுபவருக்கு மணிக்கு 20 ரூபாய் விழுகிறது. வாடகையில் அது வந்துவிடும், தோளும் தப்பும். சொந்த மூன்று ஏக்கரை மட்டும் உழுது வருஷத்தில் 60 மணி நேரம் ஓட்டுபவருக்கு மணிக்கு 100 ரூபாய். அவர் கிங் பின்னையும் புஷ்ஷையும் மாற்றி, சரியான டயர் போட்டு, தனிப் பிரேக்கைச் சீர்செய்து, மிச்சப் பணத்தை வேறு செலவுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. முன்பக்க லோடர் மாட்டிய வண்டிக்கு இந்தக் கணக்கு வேண்டாம். வாளியில் மண் நிறைந்திருக்கும்போது கையால் திருப்புவது ஆகாத காரியம்.

மாட்டி முடித்ததும் முதல் இரண்டு நாள் காய்ந்த தரிசில் மட்டும் ஓட்ட வேண்டும். மெதுவாக ஓட்டும்போதே ஒருமுறை எஞ்சினை நிறுத்தி, கையால் திருப்ப முடிகிறதா என்று பார்க்கவும். சீராக ஒரே பக்கம் பிடித்திருக்கும்போது ஸ்டீயரிங் சக்கரம் தானாக நழுவி நழுவிச் சுற்றிக்கொண்டே போனால் பெட்டியிலோ சிலிண்டரிலோ உட்கசிவு உள்ளது; வண்டியைத் திரும்பப் பட்டறைக்கே கொண்டுபோக வேண்டும். முதல் 50 மணி நேரம் ஓடியதும் ஃபில்ட்டரை மாற்றி, பிடிகளின் போல்ட்டுகள் அனைத்தையும் மறுபடி இறுக்கி, முன் சக்கரங்களின் இடைவெளியை நாடாவால் அளந்து பார்த்த பிறகு டிரெய்லரை மாட்டலாம்.